5 மில்லிவாட் சிவப்பு லேசரை வேகமாக அணைத்து எரிய வைத்தால் டயோடு கெட்டுப்போகுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இது. கையில் 650 நானோமீட்டர், 5 மில்லிவாட் என்று எழுதிய சிவப்பு லேசர் மாட்யூல் ஒன்று இருக்கிறது. அதை 555 என்ற டைமர் சிப்பாலோ, ஆர்டுயினோ என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் பிடபிள்யூஎம் (எரியும் நேரத்தின் பங்கை மாற்றக்கூடிய துடிப்பு) தரும் பின், அதாவது இணைப்புக் கால் வழியாகவோ சிமிட்ட வைக்க வேண்டும். ஒருவர் "எல்இடி மாதிரிதான், தாராளமாகச் செய்யுங்கள்" என்றிருக்கிறார். இன்னொருவர் "அணைத்து அணைத்து எரியவிட்டால் லேசர் டயோடு செத்துப்போகும்" என்று பயமுறுத்தியிருக்கிறார். யாரை நம்புவது, எவ்வளவு வேகம் வரை போகலாம் என்று கேட்கிறீர்கள். பார்த்தால் டைமர் சர்க்யூட் பற்றிய கேள்வி போலத் தெரிகிறது. ஆனால் டைமர் இதில் மிக எளிய பகுதி. மின்சாரம் வரும் கணத்திலும் போகும் கணத்திலும் டயோடின் மேல் என்ன விழுகிறது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. அந்த இருவரும் வெவ்வேறு பொருட்களைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன். முதலாமவர் ரெசிஸ்டரோடு வரும் மாட்யூலை மனதில் வைத்துச் சொல்கிறார், இரண்டாமவர் வெறும் டயோடை. ஒளியியல் கருவிகளுக்கான சர்க்யூட்களோடு பல வருடங்களாக வேலை செய்கிறேன், அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத ஒன்று: சிமிட்டுவதால் மட்டும் லேசர் டயோடு கெடாது. 1962இல் வந்த முதல் செமிகண்டக்டர் லேசர்கள் திரவ நைட்ரஜன் குளிரில், விட்டுவிட்டு வரும் துடிப்புகளாக மட்டுமே வேலை செய்தன. அறை வெப்பநிலையில் தொடர்ச்சியாக எரிய வைப்பது 1970இல்தான் கைகூடியது. இன்றைக்கும் ஃபைபர் இணைப்புகளில் லேசர் டயோடுகள் நொடிக்குப் பல நூறு கோடி முறை மாறிக்கொண்டிருக்கின்றன. உங்கள் மாட்யூலில் இருப்பதன் நெருங்கிய உறவான டிவிடி பிளேயர் டயோடை எடுத்துக்கொள்ளுங்கள். பல பிளேயர்களில் இரைச்சலைக் குறைப்பதற்காகவே அதன் கரண்டின் மேல் சில நூறு மெகாஹெர்ட்ஸ் அலை ஏற்றப்படுகிறது. ஆக, வேகத்தைப் பற்றி டயோடுக்குக் கவலை இல்லை. கரண்ட் ஒரு கணம்கூட எல்லை தாண்டக் கூடாது, அது ஒன்றுதான் அதற்கு முக்கியம்.

எல்இடியிலிருந்து இது விலகும் இடத்தையும் பார்க்க வேண்டும். எல்இடியில் கரண்ட் கொஞ்சம் ஏறினால் வெளிச்சமும் கொஞ்சம் ஏறும். லேசர் டயோடுக்கு ஒரு வாசல் அளவு இருக்கிறது. இந்தச் சின்னச் சிவப்பு டயோடுகளில் அது பெரும்பாலும் 15 முதல் 30 மில்லிஆம்பியருக்குள் இருக்கும். அதற்குக் கீழே அது மங்கலான எல்இடிதான். வாசலைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு மில்லிஆம்பியருக்கும் ஒளி செங்குத்தாக ஏறுகிறது. வாசலுக்கும் முழு ஒளிக்கும் இடையே பத்துப் பதினைந்து மில்லிஆம்பியர்தான் இருக்கும், அதற்கு மேலே கொஞ்ச தூரத்திலேயே அழிவு. ஒளி வெளியேறும் டயோடின் முகப்பு மைக்ரோமீட்டர் அளவில்தான் இருக்கும். அங்கே ஒளி அளவுக்கு மீறினால் முகப்பே உருகிவிடும், அதற்கு நானோநொடிகள் போதும். வெப்பத்தால் கெடும் பொருளுக்குச் சூடாகச் சற்று நேரம் வேண்டும், நாம் கையை எடுத்துவிடலாம். இதில் அந்த அவகாசம் கிடையாது.

அதனால் டயோடைக் கொல்வது எதுவென்று பார்த்தால், சிமிட்டும் வேகம் பட்டியலிலேயே வராது. கையிலிருந்து பாயும் நிலைமின்சாரம் ஒன்று. பிரெட்போர்டில் ஆடும் தொடர்பு இன்னொன்று: அது விட்டுவிட்டுத் தொடும்போது கரண்ட் தாறுமாறாகத் துள்ளும். தலைகீழாக வரும் மின்னழுத்தமும் ஆபத்து, இந்த வகை டயோடுகளின் டேட்டாஷீட்டில் தலைகீழ் எல்லை வெறும் 2 வோல்ட் என்றுதான் இருக்கும். ஆனால் எல்லாவற்றிலும் மோசமானது, ஏற்கெனவே சார்ஜ் ஏறிய கெபாசிட்டரின் குறுக்கே டயோடைச் செருகுவது. டயோடுக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட்டை ஆன் செய்து வைத்துவிட்டு, வெளியீட்டில் கெபாசிட்டர் நிறைந்த பிறகு டயோடை இணைத்தால், அதில் இருக்கும் மொத்தச் சார்ஜும் ஒரே அடியாக டயோடில் இறங்கும். இணைப்பதற்கு முன் சப்ளையை அணைத்து, அந்தக் கெபாசிட்டரின் இரு முனைகளையும் ஒரு ரெசிஸ்டரால் இணைத்துக் காலி செய்துவிடுங்கள். சிமிட்டியதால் செத்தது என்று சொல்லப்படும் டயோடுகளில் பல, சிமிட்ட ஆரம்பிக்கும் முன்பே இப்படி இணைக்கும் நேரத்தில் செத்தவையாக இருக்கும்.

இனி உங்கள் மாட்யூலுக்கு வருவோம். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஒரே தோற்றத்தில், ஒரே எழுத்துகளோடு இரண்டு விதமாக வருகின்றன. ஒரு விதத்தில் டயோடும் 91 ஓம் மாதிரி ஒரு ரெசிஸ்டரும் தவிர வேறு எதுவும் இல்லை. இன்னொரு விதத்தில் மூன்று கால் டயோடு இருக்கும். மூன்றாவது கால், டயோடின் பின்பக்கம் கசியும் ஒளியை அளக்கும் சிறு ஃபோட்டோடயோடுக்கானது. அந்த அளவைப் பார்த்து ஒளியைச் சீராக வைக்கும் ஒரு சின்ன சர்க்யூட், ஒரு கெபாசிட்டர், சில சமயம் ஒரு குட்டி ப்ரீசெட்டும் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) கூடவே இருக்கும்.

எது உங்களுடையது என்று கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். மாட்யூலோடு தொடராக மீட்டரை மில்லிஆம்பியரில் வையுங்கள். 4.5 வோல்ட் கொடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு 5 வோல்ட். மாட்யூலுக்கென்று குறிப்பிட்டிருக்கும் மின்னழுத்தத்தை எக்காரணம் கொண்டும் தாண்ட வேண்டாம். ரெசிஸ்டர் வகையென்றால் கணக்கு நேரடியாக இருக்கும்: டயோடில் சுமார் 2.2 வோல்ட் போகும், மீதி 2.8 வோல்ட்டை 91 ஓமால் வகுத்தால் 31 மில்லிஆம்பியர் வரும். அரை வோல்ட் குறைத்தால் அது 25க்கு இறங்கி, ஒளியும் கண்ணுக்குத் தெரியும்படி குறையும். ஒளியை அளந்து ஒழுங்குபடுத்தும் வகையில் இரண்டு அளவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இனி நான் சொல்வது எல்லாமே இதன் விடையைப் பொறுத்தது.

ரெசிஸ்டர் வகையென்றால் உங்கள் முதல் நண்பர் சொன்னது சரி. எத்தனை முறை அணைத்தாலும், எரிய வைத்தாலும், ரெசிஸ்டர் அனுமதிப்பதை விட ஒரு துளிகூட அதிக கரண்ட் போகாது. சப்ளை சுத்தமாக இருந்தால் போதும். ஒழுங்குபடுத்தும் வகையில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. மின்சாரம் வந்ததும் அந்தச் சர்க்யூட் விழித்து, ஒளியை அளந்து, கரண்டைச் சரிசெய்ய நேரம் எடுத்துக்கொள்கிறது. நல்ல வடிவமைப்பில் கெபாசிட்டர் மெதுவாக நிறைந்து, ஒளி மெல்ல ஏறும். அதில் டயோடுக்கு ஆபத்து இல்லை, ஆனால் சில கிலோஹெர்ட்ஸில் உங்கள் சதுர அலை உருண்டு தேய்ந்துவிடும். மோசமான வடிவமைப்பில் "ஒளி இன்னும் வரவில்லையே" என்று கரண்டை அளவுக்கு மீறித் தள்ளி, பிறகு இழுத்துப்பிடிக்கும். மெதுவாகச் சிமிட்டும்போது அது நொடிக்கு இரண்டு தரம்தான் நடக்கும். ஆயிரக்கணக்கில் நடக்கும்போது டயோடின் ஆயுளைத் தின்னும். உங்கள் மாட்யூல் எந்தப் பக்கம் என்பதை அளந்துதான் அறிய முடியும். சில ஹெர்ட்ஸில் சிமிட்டுவதற்கு இரண்டு வகையும் போதும். கிலோஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் ரெசிஸ்டர் வகையையே தேடி எடுங்கள்.

அடுத்து ஸ்விட்ச். ஆர்டுயினோ பின்னிலிருந்து நேராக லேசரை எரிய வைக்க வேண்டாம். ஊனோ என்ற ஆர்டுயினோ மாடலில் ஒரு பின்னின் உச்ச வரம்பு 40 மில்லிஆம்பியர், நிம்மதியாக எடுக்கக்கூடியது 20தான். நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் போடுங்கள். பிசி547 தாராளம், அது 100 மில்லிஆம்பியர் தாங்கும். பின்னுக்கும் பேஸுக்கும் இடையே 1 கிலோஓம், எமிட்டர் கிரவுண்டில், மாட்யூலின் எதிர் முனை கலெக்டரில், நேர் முனை 5 வோல்ட்டில். பேஸில் சுமார் 4.3 மில்லிஆம்பியர் ஓடும், 31 மில்லிஆம்பியரை முழுமையாக ஆன் செய்ய அது போதும். மாஸ்ஃபெட்தான் (கேட் என்ற காலில் தரும் மின்னழுத்தத்தால் ஆன் ஆகும் டிரான்சிஸ்டர்) பிடிக்கும் என்றால் 5 வோல்ட் போர்டில் 2என்7000 நன்றாக வேலை செய்யும். 3.3 வோல்ட் போர்டில் அதை நம்ப வேண்டாம். அதன் கேட் வாசல் 0.8 முதல் 3 வோல்ட் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், உங்கள் கைக்கு வந்தது 2.9ஆக இருந்தால் பாதி ஆன் ஆகி நிற்கும். அங்கே பிசி547தான் நல்லது.

பலர் விட்டுவிடும் ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது: பேஸிலிருந்தோ கேட்டிலிருந்தோ கிரவுண்டுக்குப் போகும் 10 கிலோஓம். மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகும்போது அதன் பின்கள் எதையும் இழுக்காமல் மிதந்துகொண்டிருக்கும். மிதக்கும் கேட்டில் மாஸ்ஃபெட் தானாக ஆன் ஆகலாம். புரோகிராம் ஏற்றும் அந்தச் சில நொடிகளில், நீங்கள் மேசை மேல் குனிந்திருக்கும்போது லேசர் எரிய ஆரம்பித்தால் நன்றாகவா இருக்கும்? அதைத் தடுப்பது இந்த ஒரு ரெசிஸ்டர்தான். இன்னொன்று, இந்த மாட்யூல்கள் பலவற்றில் பித்தளை உறை நேர் முனையோடு இணைந்திருக்கும். உலோகத் தாங்கியில் பொருத்தினால், அந்தத் தாங்கி கிரவுண்டைத் தொட்டவுடன் சப்ளை ஷார்ட் ஆகும். பொருத்தும் முன் உறைக்கும் இரண்டு வயர்களுக்கும் இடையே மீட்டரில் தொடர்பு பார்த்துக்கொள்ளுங்கள்.

555 பக்கம் போனால் சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 1.44ஐ, முதல் ரெசிஸ்டரோடு இரண்டாவது ரெசிஸ்டரின் இரு மடங்கைக் கூட்டி, கெபாசிட்டரால் பெருக்கி, அதனால் வகுக்க வேண்டும். முதல் ரெசிஸ்டர் 10 கிலோஓம், இரண்டாவது 68 கிலோஓம், கெபாசிட்டர் 4.7 மைக்ரோஃபாரட் என்றால் சுமார் 2.1 ஹெர்ட்ஸ் வரும். 1 கிலோஓம், 6.8 கிலோஓம், 0.1 மைக்ரோஃபாரட் என்றால் ஏறத்தாழ 1 கிலோஹெர்ட்ஸ். இந்த அமைப்பில் எரியும் நேரம் எப்போதும் பாதிக்கு மேல்தான் இருக்கும். குறைக்க வேண்டுமானால் இரண்டாவது ரெசிஸ்டருக்குக் குறுக்கே ஒரு 1என்4148 டயோடு, கோடு போட்ட முனை கெபாசிட்டர் பக்கம். அப்புறம் சார்ஜ் ஏறுவது முதல் ரெசிஸ்டர் வழியாக மட்டும், இறங்குவது இரண்டாவது வழியாக மட்டும் என்று பிரிந்துவிடும். 5 வோல்ட்டில் டயோடின் 0.6 வோல்ட் கணிசமான பங்கு என்பதால் சூத்திரம் கொஞ்சம் பிசகும், அதை ப்ரீசெட் வைத்துச் சரி செய்துகொள்ளலாம்.

பழைய பைபோலார் 555இல் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். 5 வோல்ட் சப்ளையில் அதன் வெளியீடு உயரும்போது 3.3 வோல்ட் பக்கம்தான் வரும். அதில் நேராக லேசரைத் தொங்கவிட்டு, மங்கலாக எரிகிறதே என்று மாட்யூலைச் சந்தேகப்படுகிறவர்கள் நிறைய. மேலே சொன்ன டிரான்சிஸ்டரை இங்கேயும் போட்டால் பிரச்சினை தீர்ந்தது. இரண்டாவது, அது நிலை மாறும் ஒவ்வொரு முறையும் சப்ளையிலிருந்து ஒரு கணம் பெரிய கரண்டை இழுக்கும். அதே சப்ளையில் லேசரும் இருப்பதால், சிப்பின் கால்களுக்கு ஒட்டினாற்போல 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று, அருகில் 10 மைக்ரோஃபாரட் ஒன்று கட்டாயம் வேண்டும். 7555 போன்ற சிமாஸ் வகையில் இந்த இரண்டு தொல்லையும் பெருமளவு இல்லை, புதிதாக வாங்குவதானால் அதையே வாங்குங்கள்.

ஆர்டுயினோவில் பிடபிள்யூஎம்முக்கான அனலாக்ரைட் கட்டளையைக் கொடுத்தால் ஊனோவின் 5, 6 பின்களில் சுமார் 980 ஹெர்ட்ஸ், மற்ற பிடபிள்யூஎம் பின்களில் சுமார் 490 ஹெர்ட்ஸ் வரும். அதில் நீங்கள் மாற்றுவது எரியும் நேரத்தின் பங்கை மட்டுமே, அலைவரிசையை அல்ல. அலைவரிசையை மாற்ற வேண்டுமென்றால் டோன் ஃபங்ஷன் எளிது, 31 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் பாதிக்குப் பாதி சதுர அலையாகக் கொடுக்கும். அதற்கும் கீழே கண்ணுக்குத் தெரியும் சிமிட்டலுக்கு, கடந்த மில்லிநொடிகளைச் சொல்லும் மில்லிஸ் ஃபங்ஷனை வைத்து எழுதுங்கள். எதில் செய்தாலும் முடிந்தவரை டைமர் வன்பொருளிடமே வேலையை விடுங்கள். டிலே (காத்திருக்க வைக்கும் கட்டளை) போட்டு எழுதிய புரோகிராம் வேறெங்காவது மாட்டிக்கொண்டால், லேசர் எரிந்த நிலையிலேயே நின்றுவிடக்கூடும்.

வெறும் டயோடை வாங்கியிருந்தால் விஷயம் வேறு, உங்கள் இரண்டாவது நண்பரின் பயம் அங்கே நியாயமானது. தொடரில் ஸ்விட்ச் போட்டு கரண்டை வெட்டி வெட்டிக் கொடுக்கும்போது, நிலைக் கரண்ட் கொடுக்கும் சர்க்யூட் ஒவ்வொரு முறையும் "கரண்ட் போகவில்லை" என்று தன் வெளியீட்டை உயர்த்திக்கொண்டே இருக்கும். ஸ்விட்ச் மூடியதும் அந்த உயர்வு முழுவதும் டயோடில் இறங்கும். அதற்குப் பதில் டயோடுக்கு இணையாக டிரான்சிஸ்டரை வைப்பதே நான் விரும்பும் முறை. நிலையான கரண்ட் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். டிரான்சிஸ்டர் ஆன் ஆனால் கரண்ட் அதன் வழியாகப் போய் லேசர் அணையும், ஆஃப் ஆனால் கரண்ட் டயோடுக்குத் திரும்பும். வாய்க்காலில் தண்ணீரை நிறுத்தாமல் மடையை மட்டும் மாற்றிவிடுவது போல. டயோடு ஒருபோதும் ஓடும் கரண்டை விட அதிகமாகப் பார்க்காது. விலை என்னவென்றால், அணைந்திருக்கும்போதும் சப்ளை அதே கரண்டைச் செலவழிக்கும். 5 வோல்ட்டில் எளிமையாகச் செய்ய 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்றே போதும், சுமார் 23 மில்லிஆம்பியர் வரும். இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் டயோடின் டேட்டாஷீட்டில் உள்ள வாசலையும் உச்சத்தையும் பார்த்து ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுங்கள். பெரிய மதிப்பில் தொடங்கி இறங்கி வருவது பாதுகாப்பு. டயோடின் கால்களிலேயே ஒரு 1என்4148ஐத் தலைகீழாக இணையாக வைத்தால் தலைகீழ் மின்னழுத்தம் அதன் வழியாகப் போய்விடும். இன்னொரு சேதி: வெப்பம் ஏறினால் வாசலும் ஏறும். சூடாக இருக்கும்போது கரண்டை உயர்த்தி வைத்துவிட்டு, மறுநாள் குளிர்ந்த டயோடுக்கு அதே கரண்டைக் கொடுத்தால் ஒளி எல்லை மீறக்கூடும். அதனால் குளிர்ந்த நிலையில்தான் அளவு வைக்க வேண்டும்.

டயோடு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு எளிய வழி உண்டு. ஒளியைத் தாளில் கொஞ்சம் பரவவிட்டுப் பாருங்கள். லேசர் ஒளியென்றால் தலையை அசைக்கும்போது நுண்ணிய புள்ளிகளாக மினுங்கும். முகப்பு கெட்ட டயோடு வழக்கமான கரண்டையே எடுத்துக்கொண்டு, மங்கலாக, அந்த மினுக்கம் இல்லாமல் எரியும். அது வெறும் எல்இடியாகிவிட்டது, அதைத் திருப்ப வழியில்லை.

வேகம் எவ்வளவு போகும் என்றால், ரெசிஸ்டர் மாட்யூலும் பிசி547உம் சேர்ந்து பத்து, இருபது கிலோஹெர்ட்ஸை நல்ல சதுர அலையாகத் தரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நூறு கிலோஹெர்ட்ஸுக்கு மேலே டிரான்சிஸ்டர் அணையத் தாமதிப்பது தெரிய ஆரம்பிக்கும், அந்தத் தாமதம் மைக்ரோநொடியின் பெரும் பகுதியைத் தின்னலாம். அங்கே முட்டுக்கட்டை லேசரல்ல, ஸ்விட்ச்தான். கண்ணோ ஐம்பது, அறுபது ஹெர்ட்ஸுக்கு மேல் சிமிட்டலைப் பார்க்காது, மங்கலாகத்தான் தெரியும். அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது: ஆளில்லாத அறையில், கண்ணாடியோ பளபளக்கும் பொருளோ இல்லாத மூன்று மீட்டர் தள்ளிய சுவரில் புள்ளியை வேகமாக ஒரு இழுப்பு இழுங்கள். தொடர்ச்சியான ஒளி கோடாகத் தெரியும், 1 கிலோஹெர்ட்ஸில் சிமிட்டும் ஒளி துண்டு துண்டான கோடுகளாக உடைந்து தெரியும்.

அளந்து பார்க்க வேண்டுமானால் எல்டிஆர் (ஒளிக்கு ஏற்ப மதிப்பு மாறும் ரெசிஸ்டர்) வேண்டாம். அது மாறப் பல மில்லிநொடிகள் எடுக்கும், கிலோஹெர்ட்ஸில் சராசரியை மட்டும் காட்டிவிட்டு "சிமிட்டவில்லை" என்று உங்களை ஏமாற்றும். பிபிடபிள்யூ34 போன்ற ஃபோட்டோடயோடை 5 வோல்ட்டில் தலைகீழாக வைத்து, 1 கிலோஓம் ரெசிஸ்டரின் குறுக்கே பாருங்கள். சிவப்பில் 1 மில்லிவாட்டுக்கு ஏறத்தாழ 0.4 மில்லிஆம்பியர், அதாவது 0.4 வோல்ட் கிடைக்கும். 10 கிலோஓம் போட்டால் 5 மில்லிவாட் லேசர் அதை நிரப்பிவிடும், மேல் பக்கம் தட்டையான அலையைப் பார்த்து லேசர் அருமையாக வேலை செய்கிறது என்று தப்பாக முடிவு செய்வீர்கள்.

பச்சை லேசருக்கு இதை அப்படியே செய்யலாமா என்று கேள்வியின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். 532 நானோமீட்டர் என்று எழுதியிருந்தால் வேண்டாம். அதன் உள்ளே 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடு ஒரு படிகத்தைத் தூண்டி 1064ஐ உருவாக்குகிறது, இன்னொரு படிகம் அதை 532ஆக மாற்றுகிறது. முதல் படிகம் ஆற்றலைச் சுமார் நூறு மைக்ரோநொடி தேக்கி வைக்கக்கூடியது. டயோடை ஆன் செய்ததும் ஒளி ஒரே சீராக வராமல் கூர்மையான துள்ளல்களாக வரும், வெப்பநிலை நிலைக்கும் வரை அளவும் ஏறி இறங்கும். மெதுவான சிமிட்டலுக்குச் சமாளிக்கலாம், தகவல் அனுப்பவோ அளக்கவோ நம்ப முடியாது. 520 நானோமீட்டர் நேரடிப் பச்சை டயோடு என்றால் சிவப்பைப் போலவே நடத்தலாம், ஆனால் அதற்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். மலிவான 532 லேசர்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு: அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் இல்லாமலே வருபவை இருக்கின்றன. 2010இல் அமெரிக்காவின் தேசிய அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் சோதித்த ஒன்று, மங்கலான பச்சையோடு ஏறத்தாழ 20 மில்லிவாட் அகச்சிவப்பையும் கசியவிட்டது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளிக்கு இமை மூடாது.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சிமிட்டினால் சராசரி பாதியாகிவிடும், ஆகவே ஆபத்தும் பாதி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. லேசர் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60825-1இல் கண்ணுக்குத் தெரியும் லேசரின் இரண்டாம் வகுப்புக்கு எல்லை 1 மில்லிவாட். மனிதன் 0.25 நொடிக்குள் கண்ணை மூடிவிடுவான் என்ற கணக்கில் வைத்த எல்லை அது. 5 மில்லிவாட் வரை 3ஆர் வகுப்பு. மேலே 2.1 ஹெர்ட்ஸுக்கு நான் கொடுத்த 555 மதிப்புகளில் ஒவ்வொரு முறையும் எரியும் நேரம் 0.25 நொடியேதான். கண் மூடும் முன்பு பெறும் ஒளி, தொடர்ச்சியாக எரியும் லேசரிலிருந்து பெறுவதே, ஒரு துளி குறைவில்லை. வேகமான துடிப்புகளுக்கும் அந்தத் தரம் தனித் துடிப்பு, சராசரி, துடிப்புத் தொடர் என்று மூன்று விதமாகவும் கணக்கிட்டு, கடுமையானதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. பிடபிள்யூஎம்மில் பாதிக்குப் பாதி வைத்தாலும் உங்களுடையது சராசரியில் 2.5 மில்லிவாட், இரண்டாம் வகுப்புக்கு இறங்காது. உறையில் ஒட்டியிருக்கும் எண்ணும் உத்தரவாதம் அல்ல. ஆகவே கண் மட்டத்துக்குக் கீழே, ஒளி போய் முடியும் இடத்தில் பளபளப்பில்லாத ஒரு தடுப்பு வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வெளியே, வாகனங்களை நோக்கி, வானத்தை நோக்கி வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, எந்த வேகம் என்பதை எதற்காகச் சிமிட்டுகிறீர்கள் என்பதுதான் முடிவு செய்யும். யாராவது குறுக்கே போனால் மணி அடிக்கும் ஒளித்தடுப்பு வேண்டுமென்றால், சிமிட்டுவதன் நோக்கமே உங்கள் ஒளியைச் சூரிய ஒளியிலிருந்தும் விளக்கொளியிலிருந்தும் பிரித்தறிவது. விளக்குகள் மின்சாரத்தின் இரு மடங்கு வேகத்தில், அதாவது 100 அல்லது 120 ஹெர்ட்ஸில் ஆடும். அதிலிருந்து தள்ளி 3, 5 கிலோஹெர்ட்ஸில் வைத்து, வாங்கும் பக்கம் ஒரு கெபாசிட்டரால் நிலையான ஒளியைத் தடுத்து, மீதியைப் பெருக்குங்கள். ஃபோட்டோடயோடின் முன் ஒரு கருப்புக் குழாய் வைத்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ரிமோட்டுக்கான 38 கிலோஹெர்ட்ஸ் ரிசீவரைப் பயன்படுத்தும் யோசனையை விட்டுவிடுங்கள். அதன் கருப்பு உறை சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் தடுக்கும், மேலும் இடைவிடாத 38 கிலோஹெர்ட்ஸை இரைச்சல் என்று ஒதுக்குபவை அவற்றில் பல. குரல் அனுப்ப வேண்டுமென்றால் ஊனோவில் 62.5 கிலோஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம் வைத்து, எரியும் நேரத்தின் பங்கைக் குரலுக்கு ஏற்ப மாற்றி, வாங்கும் பக்கம் ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் கொண்டு வடிகட்டினால் பேச்சு தெளிவாகக் கேட்கும். இதற்கு ரெசிஸ்டர் வகை மாட்யூல் மட்டுமே பொருந்தும்.

4.5 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் எவ்வளவு கரண்ட் வருகிறது, எதற்காகச் சிமிட்டப் போகிறீர்கள், இரண்டையும் எழுதுங்கள். உங்கள் மாட்யூலுக்கு ஏற்ற மதிப்புகளைக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.